பார்த்து வரைந்த படங்கள்

என் மகளுக்கு முதலில் பல் வலி என்றுதான் நினைத்தோம். இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. வில்லியனூரில் ஒரு பல் டாக்டரிடம் காட்டினோம். கடைவாய்ப் பல்லில் சொத்தை என்று சொல்லி ஐந்து நாளுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தார். அந்த மாத்திரை அட்டையை நான் திருப்பித் திருப்பிப் பார்த்தது நினைவிருக்கிறது. நான் வேலை செய்வது திருவாண்டார்கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு மாத்திரை கம்பெனியில், பேக்கிங் பிரிவில். எந்த அட்டை கைக்கு வந்தாலும் ஓரம் சரியாக வெட்டியிருக்கிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அட்டை சரியாகத்தான் இருந்தது. வீக்கம்தான் வற்றவில்லை.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன், ஊசி, கேன்சர் கட்டிக்குக் கரண்ட் வைப்பது. நடுவில் நான்கு மாதம் நன்றாக இருந்தாள். பள்ளிக்கூடம்கூடப் போனாள். பிறகு அதே பக்கத்தில் கட்டி மறுபடியும் வந்தது, இந்த முறை கண்ணுக்குக் கீழே. டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார். இனி மருந்து ஏற்றினால் குழந்தைக்குக் கஷ்டம்தான் மிஞ்சும், வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது என்றார். என் கணவர், "செரிங்க சார்" என்றார். நானும் தலையாட்டினேன். வெளியே வந்து ஆளுக்கொரு டீ குடித்தோம். டீ நன்றாக இருந்தது. அன்றைக்கு எனக்கு டீ எப்படி நன்றாக இருந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால், கரும்பு நிலங்களுக்கு நடுவில் ஒரு வீடு இருக்கிறது. ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. ஆறு கட்டில். வீட்டுக்கு அனுப்பினால் வலியைச் சமாளிக்க முடியாத பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அம்மாவோ அப்பாவோ கூடவே தங்கலாம். நாங்கள் போனபோது நான்கு கட்டிலில் பிள்ளைகள் இருந்தார்கள். என் மகளுக்கு ஜன்னலோரக் கட்டில் கொடுத்தார்கள். அவளுக்கு அப்போது பத்து வயது. நான் சம்பளமில்லாத லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அங்கேயே தங்கினேன். என் கணவர் வில்லியனூருக்கும் திருபுவனைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மதியச் சவாரி முடிந்ததும் ஆட்டோவை நேராக அங்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

பாகூரிலிருந்து வரும் நர்ஸ் ஒருவர்தான் பகலில் எல்லாம். எல்லோரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மார்ஃபின் கொடுப்பார். காலை ஆறு மணி மருந்துக்குப் பிறகு என் மகள் தூங்குவாள். ஒன்பது மணிக்கு விழித்து வலியில் முனகுவாள். பத்து மணி மருந்து உள்ளே போய் அரை மணி நேரம் கழித்து வலி அடங்கும். மறுபடி தூக்கம் வரும்வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். சில நாள் ஒன்றேகால் மணி நேரம். அவள் வரைந்ததெல்லாம் அந்த நேரத்தில்தான்.

டிராயிங் அக்கா புதன்கிழமையும் சனிக்கிழமையும் ஸ்கூட்டியில் வருவாள். பூரணாங்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர். ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சர். புதன்கிழமை காலையில் அவளுக்கு வகுப்பு கிடையாது. முதல் நாள் ஸ்கெட்ச் பேனா, களிமண், வண்ணக் காகிதம் என்று ஒரு பை நிறையக் கொண்டுவந்தாள். ஸ்கெட்ச் பேனா மூடியைத் திறந்ததும் அந்த வாசனைக்கே என் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். அந்தப் பெண் பதறிப்போய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வெளியே ஓடினாள். இனி வரமாட்டாள் என்று நினைத்தேன். சனிக்கிழமை வந்தாள். இந்த முறை கையில் நான்கு பென்சிலும் வெள்ளைத் தாளும் மட்டும்.

"நான் இன்னா வரையணும்?" என்று என் மகள் கேட்டாள்.

"உனக்கு இன்னா தோணுதோ வரை."

"எனக்கு ஒன்னும் தோணல."

"அப்ப உனக்கு எது தெரியுதோ அத வரை."

என் மகள் மல்லாந்து படுத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்தது மின்விசிறி. அதைத்தான் வரைந்தாள். மூன்று இறக்கையில் ஒன்று வளைந்திருந்தது. நான் அதைத் தவறாக வரைந்துவிட்டாள் என்று நினைத்தேன். டிராயிங் அக்கா, "இது ஏன் வளைஞ்சிருக்குது?" என்று கேட்டாள்.

"அது வளைஞ்சிதான் இருக்குது. மேல பாருங்க."

பார்த்தோம். வளைந்துதான் இருந்தது. இரண்டு வாரமாக நான் அதன் கீழேதான் பாய் போட்டுப் படுத்திருந்தேன்.

பிறகு தினமும் வரைந்தாள், அக்கா வராத நாட்களிலும். மருந்து ஊற்றும் சின்ன டம்ளர், சிஸ்டரின் செருப்பு, ஜன்னல் கம்பி, கம்பிக்கு அந்தப் பக்கம் கரும்பு ஏற்றி நிற்கும் டிராக்டர். கண்ணால் பார்க்காத எதையும் வரைய மாட்டாள். சூரியனையும் மலையையும் வரையச் சொன்னபோது, "இங்க மலை எங்க இருக்குது?" என்று கேட்டாள். கலர் கொடுத்தால் வேண்டாம் என்பாள். பள்ளியில் அவள் வரைந்ததே இல்லை. கணக்கில்தான் மார்க் வாங்குவாள். அளந்து, சரிபார்த்து, தப்பானால் அழித்து மறுபடியும் போடுவாள். படத்தையும் அப்படித்தான் போட்டாள்.

பக்கத்துக் கட்டிலில் ஆறு வயதுப் பெண் குழந்தை. ரத்தத்தில் வந்த வியாதி. அதன் அப்பாவுக்கு வில்லியனூரில் ஜவுளிக்கடை. அம்மா வீட்டில் கைக்குழந்தையோடு இருந்ததால் அவர்தான் வந்து கூட இருந்தார். நாங்கள் அவரைப் பாய் என்று கூப்பிடுவோம். கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டார். கடைப் பக்கம் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் தையல்காரரிடமிருந்து வெட்டுத்துணி ஒரு கட்டு கொண்டுவருவார். பிள்ளைகள் அதைக் காகிதத்தில் ஒட்டி விளையாடுவார்கள். அந்தக் குழந்தைக்கு மருந்தில் முடியெல்லாம் கொட்டிப்போயிருந்தது.

ஒருநாள் அது என் மகளிடம், "அக்கா, என்ன வரையிறியா?" என்று கேட்டது. என் மகள் வரைந்து கொடுத்தாள். குழந்தை வாங்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கியது.

"முடி எங்க?"

"உனக்கு இப்ப முடி இல்லியே."

"முடி போடு."

"வந்ததும் போடறன்."

குழந்தை அழ ஆரம்பித்தது. பாய் எழுந்து வந்தார். "போட்டுக் குடும்மா, சின்னப் புள்ளதான" என்றார். என் மகள் பென்சிலை வைத்துக்கொண்டு யோசித்தாள். இல்லாத ஒன்றைப் போட அவளுக்கு மனசு வரவில்லை, அது தெரிந்தது. பிறகு வேறொரு தாளை எடுத்து, அதில் முடியை மட்டும் வரைந்தாள். இரட்டைச் சடை, ரிப்பன், நடு வகிடு. அதைக் கத்தரித்துத் தரும்படி என்னிடம் கொடுத்தாள். கத்தரித்துக் கொடுத்தேன். அதைப் படத்தின் தலைமேல் வைத்தாள்.

"வேணும்னா வெச்சிக்கோ. வேணாம்னா எடுத்துடு."

குழந்தை வைத்துப் பார்த்தது, எடுத்துப் பார்த்தது, மறுபடி வைத்தது. அன்று முழுவதும் அதே வேலை. பாய் மறுநாள் கடையிலிருந்து கறுப்புத் துணி கொண்டுவந்து கொடுத்தார். அதில் ஒரு பாப் வெட்டு, ஒரு கொண்டை என்று இரண்டு முடி தயாரானது. பாய் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன். சிரித்தேனா என்று சரியாக நினைவில்லை.

அந்த நாட்களில் என்னிடம் ஏதோ ஒன்று நின்றுபோயிருந்தது. அதை வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தப்படுகிறவர்களை அங்கே பார்த்திருக்கிறேன். மூன்றாவது கட்டில் அம்மா சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுவாள். எனக்கு அது வரவில்லை. வேளைக்குச் சாப்பிட்டேன். துணி துவைத்தேன். மருந்து கொடுத்த நேரத்தை நோட்டில் குறித்தேன். வேலை இல்லாதபோது ஜன்னலுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். ரோட்டில் கடலூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்க முடிந்தது.

ஒருநாள் கஞ்சிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து எடுத்துவந்து மேஜைமேல் வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் மகள், "அம்மா, உன் கை செவந்துருக்குது" என்றாள். பார்த்தேன். இடது கையில் கட்டைவிரலிலிருந்து மணிக்கட்டுவரை கொப்புளம் கிளம்பியிருந்தது. கஞ்சி எப்போது சிந்தியது என்று தெரியவில்லை. சிஸ்டர் தண்ணீரில் கையைப் பிடித்து, மருந்து தடவிவிட்டார்.

"வலிக்கலியா உங்களுக்கு?"

"தெரியல சிஸ்டர்."

அவர் என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தார். "கொஞ்ச நேரம் படுங்க" என்றார். நான் படுக்கவில்லை. மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

டிரஸ்ட்காரர்கள் வந்தது அதற்கு அடுத்த வாரம். வருடத்துக்கு ஒரு காலண்டர் போடுவார்களாம். பிள்ளைகள் வரைந்த படத்தை மாதத்துக்கு ஒன்றாகப் போட்டு, உதவி செய்கிறவர்களுக்கு அனுப்புவார்களாம். இரண்டு ஆண்கள், ஒரு அம்மா. அந்த அம்மா நல்ல மாதிரி. எல்லாப் பிள்ளைகளின் கையையும் தொட்டுப் பேசினார். டிராயிங் அக்கா படங்களைத் தரையில் பரப்பி வைத்திருந்தாள். என் மகளுடைய கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் அந்த அம்மா ஒரு படத்தைக் கையில் எடுத்தார்.

"இது யாரு செல்லம்?"

"நான்தான்."

"ஏன்டா தங்கம் இப்படி வரைஞ்சிருக்க? அழகா வரையலாமே."

"நான் இப்படித்தான ஆன்ட்டி இருக்கறன்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. மின்விசிறியைப் பற்றிச் சொன்னது போலத்தான் சொன்னாள். அந்த அம்மா அவள் தலையைத் தடவிவிட்டு, படத்தை மெதுவாகக் கீழே வைத்தார். காலண்டருக்கு அவள் வரைந்த டிராக்டரை எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் அடுத்த கட்டிலுக்குப் போனபிறகு நான் குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தேன். அதற்கு முன் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. டிராயிங் அக்கா கொடுத்த கைக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அவளே பார்த்து வரைந்தது. தாளில் பாதி முகம் என் மகளாக இருந்தது. மறு பாதியில் கன்னம் மேலே ஏறி, மூக்கை ஒரு பக்கமாகத் தள்ளியிருந்தது. வாய் கோணியிருந்தது. இடது கண் இருக்கும் இடத்தில் ஒரு கோடு மட்டும். கண் முழுக்க மூடியிருந்தது.

கண் எப்போது மூடியது என்று எனக்குத் தெரியவில்லை.

தாளிலிருந்து தலையைத் தூக்கி அவளைப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. தினமும் காலையில் வெந்நீரில் துணி நனைத்து அவள் முகத்தைத் துடைத்துவிட்டது நான். பஞ்சு வைத்துக் கண் ஓரத்தைச் சுத்தம் செய்தது நான். மூக்கருகில் மருந்து தடவியது நான். இவ்வளவும் செய்துகொண்டே அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். எப்படிச் செய்தேன் என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. துணியைப் பார்த்திருப்பேன். பஞ்சைப் பார்த்திருப்பேன்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு கண்ணால்.

"இன்னாமா?" என்றாள்.

"ஒன்னும் இல்ல."

அந்தப் படங்களோடு இன்னொன்றும் இருந்தது. குடும்பப் படம். எங்கள் வீட்டு வாசலில் என் கணவர் ஆட்டோ பக்கத்தில் நிற்கிறார். அவருடைய முகம், மீசை, சட்டைப் பையில் செல்போன் எல்லாம் இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். வீட்டு வாசலில் கட்டில் எதற்கு என்று கேட்டால், இப்போது அவள் இருப்பது கட்டிலில்தானே என்பாள். நான் ஓரத்தில் நிற்கிறேன். எனக்குப் பின்னல் இருந்தது, முதுகு இருந்தது, புடவைத் தலைப்பு இருந்தது. முகம் இல்லை. எல்லாரும் முன்னால் பார்க்க, நான் மட்டும் திரும்பி நிற்கிறேன்.

"என்ன ஏன் இப்படிப் போட்டுருக்க?" என்று கேட்டேன்.

"நீ எப்பவும் ஜன்னலாண்டதான நிக்கற. எனக்கு முதுகுதான் தெரியும்."

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். நடக்கவில்லை.

மறுநாள் பத்தரை மணிக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, ஸ்டூல் போட்டு இங்க உக்காரு. உன்ன வரையணும்."

உட்கார்ந்தேன். தலையணை இரண்டை முதுகுக்குக் கொடுத்து அவளைச் சாய்த்து வைத்திருந்தார் சிஸ்டர். மடியில் பரீட்சை அட்டை, அதன்மேல் தாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம்கூட இல்லை. நான் பென்சிலைப் பார்த்தேன். பிறகு தாளைப் பார்த்தேன்.

"அங்க பாக்காத. என்னப் பாரு. நீ பாத்தாதான் கண்ணு போட முடியும்."

பார்த்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. வீக்கத்தின்மேல் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. அதற்குள் பச்சையாக நரம்பு ஓடியது. மூடிய கண்ணின் இமையில் முடி அப்படியே இருந்தது, மருந்துக்குக் கொட்டி மறுபடி முளைத்த முடி. வலது கண் என்னை அளந்துகொண்டிருந்தது. பென்சிலை நீட்டி, ஒரு கண்ணால் குறிபார்த்து, என் நெற்றிக்கும் மூக்குக்கும் உள்ள தூரத்தை அளப்பாள். இன்னொரு கண்ணை மூட வேண்டிய வேலை அவளுக்கு இல்லை.

"அழுவாதம்மா. அழுதா மூக்கு பெருசாயிடும்."

"அழலியே."

"தெரியும். சும்மா சொன்னன்."

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள். "நான் செத்துட்டா இந்தப் பேப்பர்லாம் யாருக்கு?"

அவளிடம் நாங்கள் யாரும் அதைச் சொன்னதில்லை. அப்படிப் பேசாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்க்கச் சொல்லி உட்கார வைத்திருந்தாள். பார்த்துக்கொண்டே பொய் சொல்ல முடியவில்லை.

"யாருக்குக் குடுக்கணும்?" என்று கேட்டேன்.

அவள் முன்பே யோசித்து வைத்திருந்தாள். மின்விசிறியும் செருப்பும் சிஸ்டருக்கு. ஜன்னல் கம்பி டிராயிங் அக்காவுக்கு, ஏனென்றால் அதில்தான் கோடு நேராக வந்திருக்கிறது. முடியெல்லாம் பக்கத்துக் கட்டில் பாப்பாவுக்கு. இப்போது வரைகிற இது அப்பாவுக்கு.

"அப்பாதான் உன்னப் பாத்துக்கணும். அதுக்கு."

"சரி."

"என்னோடது நீ வெச்சிக்கோ."

"சரி."

"நீதான் அதப் பாக்கவே இல்ல."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. யாருக்கு எது இன்னும் கிடைக்கவில்லையோ அதைத் தருகிறாள், அவ்வளவுதான். பதினொன்றரை மணிக்குப் பென்சில் தாளில் சரிந்து கோடு இழுத்துக்கொண்டு போனது. தூக்கம் வந்துவிட்டது. கண்ணும் மூக்கும் நெற்றியும் முடிந்திருந்தன. வாய் போடவில்லை. "மீதி நாளைக்கு" என்று சொல்லிவிட்டுத் தூங்கினாள்.

மறுநாள் அவளால் சாய்ந்து உட்கார முடியவில்லை. மருந்தின் அளவைக் கூட்டினார்கள். அதற்குப் பிறகு பத்தரை மணி என்று ஒன்று வரவே இல்லை. ஐந்தாவது நாள் காலை ஒன்பதரை மணிக்கு மூச்சு நின்றது. சிஸ்டர் போன் செய்து கிளம்பிய என் கணவர் அப்போது வழியில் இருந்தார். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அதை மட்டும் என்னால் சொல்ல முடியும். சிஸ்டர் வந்து தொட்டுப் பார்த்தார். பாய் எழுந்து வந்து தன் மகளின் கட்டிலுக்கும் எங்களுக்கும் நடுவில் திரைத்துணியை இழுத்துவிட்டார். நான் மருந்து நோட்டை எடுத்து, ஆறு மணி மருந்துக்குக் கீழே நேரத்தைக் குறித்தேன். எதற்குக் குறித்தேன் என்று தெரியாது.

திருவாண்டார்கோயிலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். நாங்கள் வந்து சேரும் முன்பே ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். அதில் அவள் மூன்றாவது படிக்கும்போது எடுத்த போட்டோ. ஸ்கூல் யூனிஃபார்ம், இரட்டைச் சடை, சிரிப்பு. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். ஆனால் நான் தூக்கிக்கொண்டு வந்தது அவளை இல்லை. சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள், "ஒரு வாய் அழுதுடும்மா, நெஞ்சுல வெச்சிக்காத" என்று சொல்லிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. என் நாத்தனார் என் கன்னத்தில் ஒரு அறைகூட விட்டுப் பார்த்தாள். அதிர்ச்சியில் இருக்கிறவர்களை அப்படி அழ வைப்பார்கள். வலித்தது. அழுகைதான் வரவில்லை.

மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகு டிராயிங் அக்கா வந்தாள். படங்களையெல்லாம் ஒரு பைலில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தாள். உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். "மொத நாளு ஸ்கெட்ச் பேனா எடுத்துனு போனன்ல, அது இன்னும் எனக்கு ஒரு மாதிரியா இருக்குதுக்கா" என்று சொல்லி அழுதாள். நான்தான் அவளுக்குச் சமாதானம் சொன்னேன். அவளுக்கென்று சொன்ன ஜன்னல் கம்பிப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். யார் கொடுக்கச் சொன்னது என்றும் சொன்னேன்.

என் மகளின் படத்தைச் சாமி அலமாரிக்குப் பக்கத்தில், மாலை போட்ட போட்டோவுக்கு அருகில் வைத்தேன். நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"இன்னா அண்ணி இது? இதப் போய் வெப்பாங்களா? கொழந்த எப்படி இருந்தா, அந்த மொகத்த நெனச்சிக்கணும். இத எடு."

"அவதான் வரைஞ்சா."

"வரைஞ்சா இன்னா? வரவங்க பாத்தா பயப்படுவாங்க. எடுத்து உள்ள வை."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் மகளைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நின்றுவிடுவாள். நான் உள்ளேயே இருந்துகொண்டு செய்ததை அவள் வெளியே நின்று செய்தாள், அவ்வளவுதான் வித்தியாசம். என் கணவர் வாசலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து உள்ளே வந்தார். படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்தார். அவர் தினமும் பார்த்த முகம் அது. மதியம் வந்ததும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கன்னத்திலேயே முத்தம் கொடுப்பார்.

"நல்லா போட்டுருக்கா" என்றார். தங்கையைப் பார்த்து, "இருக்கட்டும் வுடு" என்றார். படம் அங்கேயே இருந்தது.

அவருடைய பங்கை நான் அன்று சாயங்காலம் கொடுத்தேன். வாய் இல்லாத என் முகம். எதற்கு அவருக்குக் கொடுக்கச் சொன்னாள் என்பதையும் சொன்னேன். அவர் அதை மடிக்காமல் பீரோவில் துணிக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் அவர் ஆட்டோ எடுத்துப் போகும் முன்பு, "சாப்ட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போகிறார். முன்பெல்லாம் கேட்க மாட்டார்.

பாய் வீட்டுக் குழந்தையை ஒரு மாதம் கழித்து வீட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சிஸ்டர் போனில் சொன்னார். வெட்டிய முடியெல்லாம் டிராயிங் அக்கா கொண்டுவந்த பைலோடு என்னிடமே இருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் அவருடைய கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பக்கத்தில் துணி மூட்டைமேல் மெத்தை விரித்து, குழந்தையை உட்கார வைத்திருந்தார். கடையில் இருந்தால் அதற்குப் பொழுது போகிறதாம். என்னைப் பார்த்ததும் பாய் எழுந்து நின்றார்.

"வாம்மா. உக்காரு. ஜூஸ் சொல்லட்டா?"

"வேணாம் பாய். பாப்பாவுக்கு இது குடுக்கணும். அவ குடுக்கச் சொன்னா."

குழந்தையிடம் அவற்றைக் கொடுத்தேன். அது ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. இரட்டைச் சடை, பாப் வெட்டு, கொண்டை. பிறகு தலையில் போட்டிருந்த குல்லாயைக் கழற்றியது. தலை முழுக்கக் கறுப்பாக, விரல் கடை நீளத்துக்கு முடி வளர்ந்திருந்தது.

"ஆன்ட்டி, எனக்கே வந்துருச்சு. பாருங்க."

"ஆமாம். நல்லா இருக்குது."

"மருந்த நிறுத்தினா முடி வரும்னு அத்தா சொன்னாங்க. அதே மாதிரி வந்துருச்சு."

பாய் திரும்பிக்கொண்டு அலமாரியில் துணியை அடுக்க ஆரம்பித்தார். அடுக்கியிருந்ததையே எடுத்து மறுபடி அடுக்கினார். நான் குழந்தையின் தலையைத் தொட்டுப் பார்த்தேன். புது முடி, பூனைக்குட்டி ரோமம் மாதிரி மெத்தென்று இருந்தது. குழந்தை என் கையைப் பிடித்து இன்னொரு முறை தடவச் சொன்னது. தடவினேன். அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்திருக்கிறேன். கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

இரண்டாவது மாதம் வேலைக்குத் திரும்பினேன். சூப்பர்வைசர் என்னைப் பழைய இடத்திலேயே போட்டார். கூட வேலை செய்கிறவர்கள் ஒரு வாரம் மெதுவான குரலில் பேசினார்கள். பிறகு வழக்கம்போலப் பேசினார்கள். அதுவே எனக்கு வசதியாக இருந்தது.

போன மாதம் கம்பெனி பஸ்ஸில் புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணமாகித் திருபுவனை பக்கம் வந்தவள். சேர்ந்து மூன்று நாள்தான் ஆகிறதாம். டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

"உங்களுக்கு எத்தினி புள்ளைங்கக்கா?"

"ஒரு பொண்ணு."

"எத்தினியாவது படிக்குது?"

"அஞ்சாவது."

"என் பையன் ஒன்னாவது. எழுத உக்கார வெச்சா அழுவறான்க்கா. பென்சிலத் தொட மாட்டன்றான். உங்க பொண்ணு இன்னா பண்ணுது, ஒழுங்கா எழுதுதா?"

"நல்லா எழுதுவா. கணக்குல நல்ல மார்க் வாங்குவா."

"குடுத்து வெச்சவங்க" என்று சொல்லிவிட்டு அவள் தன் மகன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் கேட்டுக்கொண்டு வந்தேன். அவளுடைய ஸ்டாப் வந்ததும் இறங்கிக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன். மறுநாள் அவளிடம் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இன்னும் சொல்லவில்லை.